கருப்பை இறக்கத்துக்கு வைத்த வலை: ஒன்பது ஆண்டுகள் கழித்து வரும் இரத்தக் கறை

பிள்ளை, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். புதுக்குடியிருப்பில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 62 வயது. 9 ஆண்டுகளுக்கு முன்னர், வெளிநாட்டில் இருக்கும் மாமா பணம் அனுப்ப, கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் கருப்பை இறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. வலை வைத்துத் தூக்கிக் கட்டியிருக்கிறோம், இனிப் பயமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். கடந்த ஆறு மாதமாக மணத்துடன் வெள்ளைபடுகிறது, இடையிடையே உள்ளாடையில் இரத்தக் கறை தெரிகிறது, நெடுநேரம் இருந்தால் உள்ளே ஏதோ குத்துகிறது. கிருமித் தொற்று என்று மூன்று முறை மாத்திரை எடுத்தும் நிற்கவில்லை. அயலில் புற்றுநோய் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. இத்தனை ஆண்டுகள் சும்மா கிடந்த வலை இப்போது தொல்லை கொடுக்குமா, கொடுத்தால் எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். சின்னம்மாவுக்கும் இறக்கம் இருக்கிறது, அவருக்கும் வலை வைக்கலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி.

நான் வைத்தியர் அல்ல. வன்னியில் பெண்நோயியல் விடுதியிலும் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் நீண்ட காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். வலை வைத்ததையும் பார்த்திருக்கிறேன், அதை வெட்டி எடுக்கப் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: ஒன்பது ஆண்டுகள் கழித்தும் வலை தொல்லை கொடுக்கும். அம்மா சொல்லும் அறிகுறிகள் அதற்கு நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் உள்ளே பார்க்காமல் வலைதான் காரணம் என்று நானோ நீங்களோ முடிவு கட்டக் கூடாது.

ஏனென்றால், மாதவிடாய் நின்று போன பிறகு வரும் இரத்தம் ஒரு சொட்டு என்றாலும் பரிசோதிக்க வேண்டியது. அன்றைய சத்திரசிகிச்சையில் கருப்பையையும் எடுத்தார்களா, விட்டுவைத்தார்களா என்பதை அம்மாவிடம் கேளுங்கள். கருப்பை இருந்தால் அதன் உட்சுவரின் தடிப்பை ஸ்கானில் அளப்பார்கள், கருப்பைக் கழுத்தையும் பார்ப்பார்கள். வலை வெளித்தெரிவதால் வரும் கசிவும் புற்றுநோயால் வரும் கசிவும் துணியில் ஒரே மாதிரித்தான் இருக்கும். உள்ளே பார்த்தால்தான் பிரித்தறியலாம். அயலவர்களின் பேச்சுக்கு அந்தப் பரிசோதனைதான் பதில். இந்த வலையே புற்றுநோயை உண்டாக்கும் என்று யாராவது சொன்னால், மனிதரில் அப்படி நிறுவப்படவில்லை என்று அம்மாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள். ஆறு மாதம் அந்தப் பயத்தோடு அவர் தனியாகப் படுத்திருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு மனம் தாங்கவில்லை.

இனி வலைக்கு வருகிறேன். அது பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. சத்திரசிகிச்சையில் கரையாத தையல் நூலாகவும் அதையே பயன்படுத்துகிறோம். வயிற்றுச் சுவரில் வரும் ஹேர்னியாவை அடைக்க 1950களின் இறுதியிலிருந்தே பிளாஸ்டிக் வலைகள் வந்துவிட்டன, நன்றாகவும் வேலை செய்தன. 1990களின் நடுப்பகுதியில் சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் உல்ம்ஸ்டென் என்ற பேராசிரியர், இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும் பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் அடியில் ஒரு சென்றிமீற்றர் அளவு அகலமான வலை நாடாவை வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அரை மணித்தியால வேலை, அடுத்த நாளே வீட்டுக்குப் போகலாம். உலகம் முழுவதும் பரவியது. அது நன்றாக இருந்ததால், இறங்கிய சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்க இன்னும் பெரிய வலைத் துண்டை யோனிச் சுவருக்கு உள்ளே விரித்து வைத்தால் என்ன என்று 2000களில் எண்ணினார்கள். ஊசிகளும், வலையிலிருந்து கை போல நீளும் நாடாக்களும் பொருத்திய ஆயத்தப் பொதிகளாகவே அவை விற்பனைக்கு வந்தன. பிரச்சினையின் பெரும் பகுதி அங்கேதான் தொடங்கியது.

வயிற்றுச் சுவர் தடித்தது, கிருமியற்ற ஒரு வெட்டின் ஊடாக அங்கே வலையை வைக்கலாம். யோனிச் சுவரோ சில மில்லிமீற்றர் தடிப்புத்தான். அந்த வழியில் கிருமிகள் எப்போதும் வாழ்கின்றன. இருமினாலும் குனிந்தாலும் மலம் கழித்தாலும் கணவனோடு சேர்ந்தாலும் அந்த இடம் அசைகிறது. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்திரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்து அந்தச் சுவர் இன்னும் மெலிகிறது. ஆகவே வீட்டில் யாருக்காவது ஹேர்னியாவுக்கு வலை வைத்திருந்தால் அதையும் அம்மாவின் வலையையும் ஒன்றாக எண்ணிப் பயப்பட வேண்டாம். பொருள் ஒன்று, இடம் வேறு.

வன்னியில் வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க ஒரு வேலி போதும். வேலிக்கு நட்டுத் துளிர்த்த கதியாலில் முள்ளுக்கம்பியை இழுத்து அடிக்கிறோம். முதல் ஆண்டு கம்பி மரத்தின் மேலே இருக்கும். நாலைந்து மழை கண்ட பிறகு பட்டை வளர்ந்து கம்பியை விழுங்கிவிடும். வலையும் அப்படித்தான். வலைக் கண்களுக்கு ஊடாக உடலின் இழையம் வளர்ந்து அதை விழுங்க வேண்டும், விழுங்கினால்தான் அது தாங்கும். அதற்காகத்தான் கண்களைப் பெரிதாக, 75 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்டதாக, ஒற்றை இழையில் பின்னுகிறார்கள். கிருமியைத் தின்னும் வெள்ளணுக்கள் அந்தக் கண்களுக்குள் போக முடியும். பல இழைகளை முறுக்கி நெய்த பழைய வகைகளில், ஒரு மைக்ரோன் அளவான கிருமி இழைகளுக்கு இடையில் ஒளிந்துகொள்ள, வெள்ளணுவால் அங்கே நுழைய முடியவில்லை. அப்படிப்பட்ட பொலியெஸ்டர் நாடா ஒன்றை 1999 இல் அமெரிக்காவில் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

நல்ல வகை வலையிலும் கதியால் சில இடங்களில் வெடிக்கும். பட்டை பிளந்து கம்பி வெளியே தெரியும், அந்த இடத்தில் பால் கசியும். அம்மாவுக்கு நடந்திருக்கக்கூடியது இதுதான். வலையைச் சுற்றி வளர்ந்த தழும்பு காலப்போக்கில் சுருங்குகிறது. வலையும் அதோடு மடிந்து சுருண்டு இறுகுகிறது. மெலிந்த யோனிச் சுவரை ஒரு மடிப்பு உரசி உரசித் துளைக்கிறது. வெளித்தெரிந்த இழையைச் சுற்றி ஊன்தசை வளர்கிறது, தொட்டால் இரத்தம் வருகிறது, கிருமி குடியேறி மணக்கிறது. மாத்திரை குடித்தால் சில நாட்களுக்குக் கிருமி குறையும், கசிவு குறையும். மாத்திரை முடிந்ததும் திரும்ப வரும், ஏனென்றால் கிருமி குந்தியிருக்கும் பிளாஸ்டிக் அங்கேயே இருக்கிறது. மூன்று முறை மாத்திரை எடுத்தும் நிற்கவில்லை என்று நீங்கள் எழுதிய வரியை வாசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

நீரிழிவு இருந்தால், புகைத்தால், வலை வைத்த அன்றே கருப்பையையும் எடுத்திருந்தால் இது கூடுதலாக நடக்கிறது. செய்தவரின் கைப்பழக்கமும் முக்கியம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதைக் கட்டுப்படுத்துவது இப்போதே தொடங்க வேண்டிய வேலை, பின்னர் ஏதாவது வெட்ட வேண்டி வந்தால் புண் ஆற அது உதவும்.

இவ்வளவு பிந்தி வருவது புதுமையும் அல்ல. 2011 இல் சர்வதேச மருத்துவச் சங்கங்கள் இரண்டு சேர்ந்து வலைச் சிக்கல்களை வகைப்படுத்தியபோது, காலத்துக்கென்று நான்கு பிரிவுகள் வைத்தன. கடைசிப் பிரிவு 12 மாதங்களுக்குப் பிறகு வருபவை. வயிற்றின் வழியாக வலை வைத்த பெண்களை ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், வலையோ தையலோ அரித்து வெளிவந்தது ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேருக்கு. ஆண்டுகள் ஏற ஏற அந்த எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது. ஆகவே வலை வைத்து இத்தனை ஆண்டு ஆகிவிட்டது, இனி அது காரணமாக இருக்காது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

எந்த வலை, எங்கே என்பதைப் பொறுத்துத் தொல்லையின் முகமும் மாறும். சிறுநீர்க் கசிவுக்கு வைக்கும் ஒடுங்கிய நாடா ஒன்று. யோனி வழியாக வெட்டி, இறங்கிய சுவருக்கு உள்ளே விரிக்கும் அகன்ற வலை இன்னொன்று. வயிற்றைத் திறந்தோ துளையிட்டோ யோனியின் உச்சியை முள்ளந்தண்டின் அடியில் உள்ள திருவென்போடு இணைத்துத் தொங்கவிடும் வலை மூன்றாவது. அம்மாவின் வயிற்றில் தழும்பு இருக்கிறதா, தொடையிடுக்கின் இரு புறமும் சிறு தழும்புகள் இருக்கின்றனவா, ஒன்றுமே இல்லையா என்று பாருங்கள். காகிதம் கிடைக்காவிட்டாலும் தழும்பு பாதிக் கதையைச் சொல்லும்.

நாடா வைத்தவர்களில் பெரும்பாலானோர் சுகமாகவே இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 2006 தொடக்கம் 2015 வரை நாடா வைத்த 95,000 க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஒன்பது ஆண்டுகளுக்குள் நாடாவை எடுக்க வேண்டி வந்தது நூற்றுக்கு மூன்று பேரளவில். இறக்கத்துக்காக யோனி வழியாக வைத்த அகன்ற வலையின் கணக்கு வேறு. 2016 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் தொகுப்பில், வலை வெளித்தெரிந்தது நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு. அதற்காக மறுபடியும் கத்தி வைக்க வேண்டி வந்தது நூற்றுக்கு எட்டுப் பேருக்கு. ஒரு வயல் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் கூட்டத்தில் எட்டுப் பேர் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு அது சிறிய எண் இல்லை.

வலை உள்நோக்கி அரித்தால் வரும் அறிகுறிகளைத்தான் நாங்கள் அதிகம் தவறவிடுகிறோம். சிறுநீர்ப்பைக்குள் அது நுழைந்தால் யோனியில் ஒன்றும் தெரியாது. சிறுநீர் எரியும், அடிக்கடி போகும், சில வேளை இரத்தம் கலந்து போகும். ஒவ்வொரு முறையும் சிறுநீரைச் சோதித்துக் கிருமி என்று மருந்து கொடுப்பார்கள். ஒட்டுசுட்டான் பக்கத்தில் கச்சான் தோட்டம் செய்த ஒரு அம்மாவை இன்றும் மறக்க முடியாது. இரண்டு ஆண்டுகள் சலக்கடுப்பு என்று மருந்து எடுத்தவர். கிணற்றுத் தண்ணீரைக் குறை சொன்னார்கள், வெயிலைக் குறை சொன்னார்கள், தண்ணீர் குடிப்பது போதாது என்று அவரையே குறை சொன்னார்கள். முடிவில் சிறுநீர்ப்பைக்குள் கமரா விட்டுப் பார்த்தபோது, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த நாடாவின் மேல் கல் படிந்திருந்தது. இடுப்பில் நாடா இருப்பதை அந்த அம்மா யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவரைத் தியேட்டர் மேசையில் ஏற்றும்போது, "பிள்ளை, நான் பொய் சொல்லேல்ல எண்டு இனியாவது நம்புவினமோ?" என்று கேட்டார்.

மலக்குடல் பக்கம் அரித்தால் மலத்தோடு இரத்தமோ சீழோ வரும். யோனி வழியாகக் காற்றோ மலமோ வந்தால் இரண்டுக்கும் இடையே வழி திறந்துவிட்டது என்று பொருள். சிறுநீர் ஓயாமல் யோனி வழியாக வடிந்தால் அதுவும் அப்படியே. தொடை வழியாக நாடா வைத்தவர்களுக்குத் தொடையின் உட்புறம் இழுக்கும், சைக்கிள் மிதிக்க முடியாது, படியேறக் கடுக்கும். சிலருக்குத் தொடையிலோ குண்டியிலோ ஒரு சிறு துவாரம் தோன்றி, ஆறாமல் சீழ் வடியும். திருவென்பில் கட்டியவர்களுக்கு நாளுக்கு நாள் கூடும் கீழ் முதுகு வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் கிளினிக் திகதி வரும் வரை காத்திருக்கக் கூடாது. எலும்புக்கும் முள்ளந்தண்டு வட்டுக்கும் கிருமி போயிருக்கலாம். சிறுநீர் அடைபட்டுப் போகாமல் நின்றாலும், குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலும், துணி நனையும் அளவுக்கு இரத்தம் போனாலும் அன்றே வைத்தியசாலை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். வெளித்தெரிந்த வலை மணல்தாள் போலக் கரகரப்பாக இருக்கும். சேரும்போது கணவன்தான் முதலில் உணர்வார், சில வேளை அவருக்குக் கீறலும் படும். பெண்ணுக்கு வலி. நம் வீடுகளில் அதன் பிறகு நடப்பது என்ன? அவள் பாயை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு போய்ப் படுக்கிறாள், காரணத்தை இருவரும் பேசுவதில்லை. குடும்பச் சண்டை என்று ஊர் முடிவு செய்கிறது. எத்தனை குடும்பங்களில் இது மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய விடயமோ தெரியாது. கிளினிக்கில் இதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. பெண் தாதியிடமோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ முதலில் சொன்னால் அவர்கள் வைத்தியரிடம் எடுத்துச் சொல்வார்கள்.

வெளிநாடுகளில் பெண்கள் பேசியதால்தான் இது வெளியே வந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008 இல் முதல் எச்சரிக்கை விடுத்தது. 2011 இல் இந்தச் சிக்கல்கள் அரிதானவை அல்ல என்று திருத்திச் சொன்னது. 2019 ஏப்ரலில் இறக்கத்துக்காக யோனி வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. அவுஸ்திரேலியா 2017 இலேயே அவற்றைப் பதிவிலிருந்து நீக்க முடிவெடுத்திருந்தது. பிரித்தானியா 2018 இல் நாடாவையும் சேர்த்து நிறுத்திவைத்தது. 2020 இல் அங்கே கம்பர்லெஜ் பெருமாட்டியின் தலைமையில் வந்த அறிக்கை, வலியைச் சொன்ன பெண்கள் ஆண்டுக்கணக்கில் நம்பப்படாமல் தட்டிக்கழிக்கப்பட்டதைப் பதிவு செய்தது. ஒட்டுசுட்டான் அம்மாவின் கேள்வியைத்தான் இலண்டனிலும் கேட்டிருக்கிறார்கள்.

அம்மாவை எங்கே கொண்டுபோவது? மாத்திரை தந்த இடத்துக்கு நாலாம் முறை போக வேண்டாம். பரந்தன் வீதியால் பஸ் எடுத்துக் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, உங்களுக்கு வசதி என்றால் முல்லைத்தீவுக்கோ, பெண்நோயியல் வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குப் போங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அங்கே கருவி வைத்து யோனியின் சுவரைச் சுற்றிலும் பார்ப்பார்கள், விரலால் தடவியும் பார்ப்பார்கள். மடிப்பில் மறைந்திருக்கும் வலை கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். எந்த இடத்தைத் தொட்டால் வலிக்கிறது என்பதையும் அம்மா சொல்ல வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கக் கூடாது. சிறுநீர் சோதனை செய்வார்கள். சிறுநீர்த் தொல்லையும் இருந்தால் சிறுநீர்ப்பைக்குள் கமரா விட்டுப் பார்க்கச் சொல்லலாம். இந்தப் பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது, சீ.டி. ஸ்கானிலும் தெளிவாகத் தெரியாது. யோனி வாயில் கருவியை வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டில் அது வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்ற பதிலோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

எடுத்துவிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு இப்போதுதான் வர முடிகிறது. சிறு புள்ளி அளவில் வலை தெரிந்து, வலி இல்லாமல், கிருமியும் பெரிதாக இல்லாவிட்டால், யோனிக்குள் பூசும் ஈஸ்திரஜன் களிம்பைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்ப்பார்கள். மெலிந்த சுவர் தடித்து மூடிக்கொள்வதும் உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூடாவிட்டால் வெளித்தெரியும் துண்டை மட்டும் வெட்டி, இரு கரையையும் இழுத்துத் தைப்பார்கள். அம்மாவின் கதை இந்த இரண்டுக்குள் முடிந்துவிடும் என்றுதான் நான் நம்புகிறேன். சிறுநீர்ப்பைக்கோ குடலுக்கோ போயிருந்தால் அந்தப் பகுதியை எடுத்தே ஆக வேண்டும், சிறுநீரகத் தொகுதி நிபுணரும் சேர வேண்டிய பெரிய வேலை அது.

முழு வலையையும் எடுப்பது இன்னொரு கதை. கதியால் விழுங்கிய கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் வராது, பட்டையைச் செதுக்கித்தான் எடுக்க வேண்டும், செதுக்கும்போது மரமும் காயப்படும். அம்மாவின் வலைக்கு அருகே சிறுநீர்ப்பை, சிறுநீர்க் குழாய், மலக்குடல், காலுக்குப் போகும் நரம்புகள் எல்லாம் இருக்கின்றன. தொடை வழியாகப் போன வலையின் கைகளை எடுக்கத் தொடையையும் வெட்ட வேண்டும். எடுத்த பிறகு இறக்கமோ சிறுநீர்க் கசிவோ திரும்ப வரலாம். வலிக்காக எடுத்தவர்களில் பலருக்கு வலி குறைகிறது, சிலருக்கு மிஞ்சி நிற்கிறது. இங்கிலாந்தில் இதற்கென்றே தனிச் சிறப்பு மையங்கள் அமைத்திருக்கிறார்கள் என்றால் வேலையின் கடினம் விளங்கும். ஆகவே முழுதும் எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், உடனே ஒப்பமிடாமல், இதுவரை இப்படி எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். அது ஒரு நோயாளி கேட்கக்கூடிய கேள்விதான். போதனா வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதும் உங்கள் உரிமை. யாழ்ப்பாணமா, அனுராதபுரமா, கொழும்பா என்பதை நிபுணர் தீர்மானிப்பார். தொல்லையே இல்லாத வலையைப் பயத்தில் எடுக்க வேண்டியதும் இல்லை.

கிளினிக் திகதி வரும் வரை சில காரியங்களைத் தவிருங்கள். வேப்பிலை அவித்த தண்ணீரையோ மஞ்சளையோ டெட்டோலையோ உள்ளே விட்டுக் கழுவ வேண்டாம், மெலிந்த சுவர் மேலும் புண்படும். நூல் போல ஏதாவது கையில் தட்டுப்பட்டால் இழுக்கவோ கத்தரிக்கவோ வேண்டாம். சேர்வதையும் நிறுத்திவைப்பது நல்லது.

சின்னம்மாவுக்கு என்ன செய்வது என்பதற்கு என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். வன்னியில் இறக்கம் இல்லாத வீடு குறைவு. பிள்ளை பெற்ற கையோடு குடம் தூக்கியவர்கள், விறகு சுமந்தவர்கள், மீள்குடியேறிய ஆண்டுகளில் ஆண் துணை இல்லாமல் சீமெந்துக் கல் அடுக்கி வீடு கட்டியவர்கள் நம் பெண்கள். ஆனால் எல்லா இறக்கத்துக்கும் கத்தி வேண்டாம், கத்தி வேண்டியவற்றிலும் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வலை வேண்டாம். தொடக்க நிலையில் இருந்தால் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைச் சொல்லித்தரக்கூடிய ஒருவரிடம் முறையாகப் பழகி மூன்று நான்கு மாதம் விடாமல் செய்ய வேண்டும். சிறுநீரை அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடித்து விடுவதுதான் பயிற்சி. மலச்சிக்கலையும் நாட்பட்ட இருமலையும் மாற்ற வேண்டும். கூடுதலாக இறங்கியிருந்தால் சிலிக்கன் வளையம் இருக்கிறது. அளவு பார்த்து உள்ளே வைத்துவிடுவார்கள், குறித்த இடைவெளியில் கழற்றிக் கழுவிப் பரிசோதிக்க வேண்டும். பழைய காலத்து வழி என்று அதை ஒதுக்குகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். வளையத்தோடு நெல் வெட்டப் போன பெண்களை எனக்குத் தெரியும்.

சத்திரசிகிச்சைதான் வேண்டும் என்றாலும் சொந்த இழையத்தையே மடித்துத் தைக்கும் முறைகள் இருக்கின்றன. யோனி வழியாகக் கருப்பையை எடுத்துச் சுவரைத் தைப்பது, கருப்பையை விட்டுவைத்துக் கருப்பைக் கழுத்தைக் குறுக்கித் தைக்கும் மன்செஸ்டர் முறை, இடுப்பின் தசைநாரோடு உச்சியைக் கட்டுவது எல்லாம் நம் நிபுணர்கள் நன்கறிந்தவை. அவற்றிலும் இறக்கம் திரும்ப வரக்கூடும். ஆனால் 2017 இல் வெளியான பிரித்தானியப் பெரும் ஆய்வொன்றில், முதன்முறை சத்திரசிகிச்சை செய்த பெண்களுக்கு இரண்டு ஆண்டு முடிவில் வலையால் கூடுதல் நன்மை ஒன்றும் காணப்படவில்லை. நன்மை கூடாது, ஆபத்து கூடும் என்றால் சின்னம்மாவுக்கு எதற்கு அது? யோனி வழியாக வலை என்று யாராவது சொன்னால் வேறு வழி என்ன என்று கேளுங்கள், இன்னொரு நிபுணரின் கருத்தையும் எடுங்கள்.

கடைசியாகக் காகிதம். கொழும்பிலிருந்து வரும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டைத் தேடுங்கள். பெட்டியின் அடியில், கோயில் பிரசாதப் பையோடு, எங்காவது இருக்கும். வலையின் பெயரும் தொகுதி இலக்கமும் உள்ள சிறு ஒட்டி அதிலோ அதோடு வந்த தாள்களிலோ இருக்கலாம். இல்லாவிட்டால் அந்த வைத்தியசாலைக்கு ஆண்டையும் அம்மாவின் முழுப் பெயரையும் எழுதிச் சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கேளுங்கள். 2009 இல் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு மெனிக் பாம் அகதி முகாம் வரை வந்த சனம் நாங்கள். அந்தத் தாளுக்கு உறுதிக்குரிய மரியாதையைக் கொடுங்கள்.

கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், அம்மா வெள்ளைபடுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நாலாவது மாத்திரையோடு திரும்பி வந்துவிடுவார். ஆகவே முதல் நாள் இரவே அவரோடு இருந்து ஒரு அரைத் தாளில் எழுதுங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை நாளுக்கு ஒரு முறை இரத்தம், எந்தெந்த மாத்திரை எடுத்தார், வேறு என்ன வருத்தங்கள். எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியாக, பெரிய எழுத்தில்: "எனக்கு இடுப்புக்குள் வலை வைத்திருக்கிறது." அதன் கீழே வைத்த ஆண்டு. அம்மாவுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டினால் போதும்.